பௌர்ணமி விரதம் இருந்த பாம்பு

"வெந்நீர் வெச்சு, எலியக் குளிப்பாட்டிக் கொண்டாந்து நீட்டறேன். வாலைக்கூட ஆட்ட மாட்டேங்குது. என்ன திமிரு பாரு!"

வேங்கிக்கால் வீட்டு ஹாலில், நீண்ட இடுக்கியும் அதன் நுனியில் எலியுமாக நின்று கொதித்தார் சகாதேவன். ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். அவர் நீட்டிய எதையும் முப்பது வருடமாக யாரும் மறுத்ததில்லை.

பாம்பு, மகன் அருண்பிரசாத் வளர்க்கும் வெளிநாட்டு ஜாதி. வேலையாக ஒரு மாதம் வெளியூர் கிளம்பியவன், "வேற யார்கிட்டயாவது விடறேன்ப்பா" என்றுதான் சொன்னான்.

"ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன்டா நான். ஒரு பாம்பு மேய்க்க மாட்டனா?"

மகன் விதிகளை எழுதி ஒட்டிவிட்டுப் போனான். ஞாயிறுதோறும் ஒரு எலி. ஃப்ரீசரில் உறைந்ததை வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்டவும். கையால் தொடக் கூடாது. அது பதுங்கும் சட்டியைத் தூக்கவே கூடாது.

முதல் ஞாயிறு பௌர்ணமி. "இன்னிக்கு இந்த வீட்ல கவுச்சி கிடையாது. பாம்புக்கும் அதே ரூல்தான்!" என்று ஒத்திவைத்தார். திங்களன்று நீட்டினார். கண்ணாடித் தொட்டிக்குள் கவிழ்த்த சட்டிக்கு வெளியே தெரிந்த வால்நுனி அசையவில்லை.

சூடு கம்மி என்று எலியைப் பால் குக்கரில் போட்டார். மனைவி தங்கம்மாள் அன்றோடு சமையலறையைத் தலைமுழுகினாள். வெளிச்சம் ஜாஸ்தி என்று பட்டப்பகலில் திரைகளை இழுத்துவிட்டார். கட்டில் காலில் இடித்து முட்டி வீங்கியது.

"மூணு வாரமா பட்டினிங்க" என்று பக்கத்து வீட்டில் புலம்பியதுதான் பெரிய தப்பு. பௌர்ணமியிலிருந்து விரதம் இருக்கிற பாம்பு என்று சேதி அடி அண்ணாமலை வரை போய், மறுநாள் காலை வாசலில் பால் சொம்பும் மஞ்சளுமாக வரிசை நின்றது.

"பாம்பு பால் குடிக்காதும்மா! போங்க எல்லாரும்!"

"சாமிக்கு நீங்க ஆர்டர் போடாதீங்க சார்" என்று ஒரு அம்மாள் கூட்டத்தோடு உள்ளே நுழைந்து தொட்டி முன்னால் சூடம் ஏற்றினாள்.

சகாதேவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. நாளை மகன் வருகிறான். பட்டினி போட்டுக் கொன்ற அப்பன் என்ற பெயரா வாங்குவது?

"நான் ஊட்டி நீ தின்னாம இருக்கறதா? பாத்துடலாம்!"

கையுறை மாட்டினார். வாயைப் பிளக்க ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கச் சட்டியில் கை வைத்தார்.

வீட்டு வேலை செய்யும் தனம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

"மானத்த வாங்கிக்காதீங்க சார். தம்பி கெளம்பசொல்லவே பாம்ப எங்கூட்ல வுட்டுட்டு, உங்க மனசு நோவக் கூடாதுன்னு அது உரிச்ச தோலத்தான் இங்க வெச்சுட்டுப் போச்சு!"