காதலர் தினமும் ஒரு மோதிரக்காரரும்

காதலர் தினத்துக்கு முதல் நாள் ஊரில் இரண்டு இடங்களில் கூட்டம் நெரிந்தது. ஒன்று கேக் கடை. அங்கே ஜோடியாய் இருப்பவர்கள். இன்னொன்று ஃபர்னிச்சர் கடை மாடியில் மோதிரக்காரர் பிடித்திருந்த ஹால். அங்கே ஜோடியைப் பறிகொடுத்தவர்கள். கேக்காவது தின்றால் இனிக்கும்.

மோதிரக்காரரின் மகிமை இதுதான். பிரிந்து போனவரின் போட்டோவை மேசையில் வைத்து, கல்யாண மோதிரத்தை நூலில் கட்டி அதன் மேல் தொங்கவிட வேண்டும். வட்டமாகச் சுற்றினால் போனவரின் மனசு திரும்பிவிட்டது. முன்னும் பின்னும் ஆடினால் இன்னும் கோபம் தீரவில்லை. அதற்கு அவரிடம் ஸ்பெஷல் நூல் உண்டு, விலையும் ஸ்பெஷல்தான். நூலைப் பிடிப்பது அவரில்லை, வந்தவரேதான். அதனால் “நானே பிடிச்சேன், நானே பாத்தேன்” என்று ஊரே சத்தியம் செய்தது.

கேக் கடையில் க்ரீமால் எழுத்து போடுகிறவளும் வரிசையில் நின்றாள். விவாகரத்து ஆகிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. யார் யாருடைய கண்ணே, கனியே எல்லாவற்றையும் கேக் மேல் எழுதி எழுதி, கை வலியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்திருந்தது. முதலாளி வேறொரு ஊரில் திறக்கும் புதுக் கிளையை அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கோ, பிரிந்த புருஷன் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வான் என்று கவலை. சேர்ந்து வாழ்ந்த காலத்திலேயே நேரத்துக்கு வீடு வராத மனுஷன்.

கூட வந்தவள் அவனுடைய தங்கை. “அண்ணன்தான் உங்களை விட்டாரு, நான் விடலையே அண்ணி” என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நாத்தனார். அதே கேக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள்.

“மோதிரம் சுத்திச்சுன்னா?”

“புது வேலை வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

“எங்க அண்ணன் மனசு பெத்த அம்மாவுக்கே பிடிபடல. மோதிரத்துக்கு எப்படித் தெரியும்?”

“அதான் பாக்கப் போறோமே.”

முறை வந்தது. நாத்தனார் ஒட்டிய கவர் ஒன்றை மேசையில் வைத்தாள். “போட்டோ கவருக்குள்ள இருக்கு. பரவாயில்லையா?”

மோதிரக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “கவர் என்னம்மா, இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டினாலும் மோதிரம் ஆளைக் கண்டுபிடிச்சிடும்.”

அவள் பிடித்த நூலில் மோதிரம் முதலில் சும்மா தொங்கியது. பிறகு லேசாக அசைந்து, அழகாக வட்டம் போட ஆரம்பித்தது. மோதிரக்காரர் முகம் மலர்ந்தார்.

“உங்களை நினைச்சு உருகிட்டிருக்காரு. நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாரு.”

நாத்தனார் கவரைப் பிரித்தாள். உள்ளே கேக் கடை ஓவனின் போட்டோ. ரிப்பேர்காரரிடம் காட்ட எடுத்து வைத்தது.

“இதுவா வந்து நிக்கும்? தூக்கிட்டு வரவே நாலு ஆள் வேணுமே.”

ஹால் குலுங்கிச் சிரித்தது. மோதிரக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “சந்தேகத்தோட வந்தா மோதிரம் குழம்பிடும்.”

“சந்தேகம் எனக்கு. நூல் பிடிச்சது அண்ணி. சரி, இப்ப நீங்களே பிடிங்க.”

முன்வரிசைத் தையல்காரர் தன் மனைவியின் போட்டோவைக் கவரில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். எல்லாவற்றையும் கலைத்து மேசையில் பரப்பினார்கள். தையல்காரரின் மனைவி எங்கே என்று தேடி, மோதிரக்காரரின் மோதிரம் ஒரு கவர் மேல் கம்பீரமாகச் சுற்றியது. தையல்காரர் பிரித்துப் பார்த்தார்.

“ஐயா, என் சம்சாரத்துக்கு மீசை கிடையாது.”

மோதிரக்காரருக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது. கூட்டம் அவரை விடவில்லை. ஸ்பெஷல் நூல் வாங்கியவர்கள் எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாடிப்படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். “என்னையும் ஏமாத்திட்டியேடி.”

“முன்னாடியே சொல்லியிருந்தா ஓவன் மேல மோதிரம் சுத்தியிருக்காதே அண்ணி. சுத்தணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க. உங்களுக்கே தெரியாம கை ஆட்டிடுச்சு.”

“அப்ப அவர் என்னை நினைக்கல.”

“அது எனக்குத் தெரியாது. நீங்க நினைக்கிறீங்கன்னு மட்டும் தெரியுது.”

அவள் அழுதாள். நன்றாகவே வலித்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டாள். “புதுக் கடைக்கு நான் போறேன் சார்.”

மோதிரக்காரர் இப்போது வேறு ஊரில் ஹால் தேடுகிறாராம். அங்கேயும் கூட்டம் நெரியும். போகிறவர்கள் மோதிரத்தையே வெறித்துப் பார்க்காமல், நூலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று ஒரு தடவை யோசிக்கலாம். யோசிப்பதற்குக் கட்டணம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதற்கு வரிசையும் இல்லை.