அலுவலக நேரத்து மழை

இதுநாள்வரை தன் இஷ்டத்துக்குப் பெய்துகொண்டிருந்த மழையை அலுவலக நேரத்துக்குள் கொண்டுவந்த பெருமை, என் மெத்தைக் கடைக்கு எதிரே இருக்கும் தீயணைப்பு நிலையத்தையே சாரும். மனித குலம் இதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. நானாவது சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தின் மொட்டைமாடியில் விழும் மழைநீரைக் குழாய் வழியே இறக்கி, மணலில் வடிகட்டி, தொட்டியில் சேமித்து, தீயணைப்பு வண்டிக்குப் பயன்படுத்துவது திட்டம். அருமையான திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தொட்டிக்கு நீல வண்ணம் அடித்து, சிரிக்கும் மழைத்துளி ஒன்றையும் வரைந்திருந்தார்கள். தொட்டியிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு மட்டும் 'இரண்டாம் கட்டத்தில்' இருந்தது. முதல் கட்டத்தில், கை கழுவ ஒரு சின்னக் குழாய்.

மழைதான் ஒத்துழைக்கவில்லை. வானம் பொய்த்துக் கிடந்த அந்த நேரம் பார்த்து, திட்டத்தை நேரில் காணத் தீயணைப்புத் துறை இயக்குநர் வருவதாகத் தகவல் வந்தது. நிலைய அதிகாரி அவசரக் கூட்டம் போட்டார். இயக்குநரின் நாற்காலிக்குப் புது மெத்தை தைக்க அளவெடுக்கப் போன நானும் ஒரு மூலையில் நின்றிருந்தேன். வானிலை அலுவலகத்துக்கு நினைவூட்டல் அனுப்பலாம் என்றார் எழுத்தர். வருகையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். அதிகாரியின் பதவி உயர்வும் சேர்ந்து தள்ளிப்போகும் என்பதால் அந்த யோசனை உடனே கைவிடப்பட்டது. கடைசியில் அதிகாரியே ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். ஞானம் பிறந்தது.

"நம்மகிட்ட வண்டி இருக்கு, வண்டியில தண்ணி இருக்கு, மாடியும் இருக்கு. நடுவுல மேகம் எதுக்குய்யா?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "வண்டித் தண்ணியை மாடியில அடிச்சா வண்டி காலியாயிடுமே சார். அந்த நேரம் எங்கயாவது தீப்பிடிச்சா?"

"இயக்குநர் வந்த அன்னைக்கு என்னைக்காவது தீப்பிடிச்சிருக்கா?"

புள்ளிவிவரம் அதிகாரியின் பக்கமே இருந்தது. இயக்குநர் அதுவரை வந்ததே இல்லை.

குறித்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. இயக்குநருக்குக் குடை பிடித்தார்கள். வீரர்கள் குழாயை வானத்தை நோக்கித் தூக்க, மழை தொடங்கியது. முதலில் 'தூறல்', பிறகு 'மிதமான மழை', அதிகாரி கண்ணைக் காட்டியதும் 'கனமழை'. சேமிப்புத் தொட்டி நிறைய நிறைய இயக்குநரின் முகம் மலர்ந்தது. இந்த வருஷம் பருவம் தவறவில்லை என்று பாராட்டினார். பிறகு வானத்தில் எதையோ சுட்டிக்காட்டினார். புகைப்படக்காரர் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குச் சற்று முன்புதான் என் கடையில் பஞ்சு அடிக்கும் இயந்திரம் பொறி கக்கியிருந்தது. பஞ்சுக்குச் சொல்லித்தர வேண்டுமா? என் மனைவி சாலையின் குறுக்கே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

"ஐயா, கடை எரியுது. வண்டியை அனுப்புங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் அதிகாரி தாழ்ந்த குரலில். "மழை நடந்துட்டிருக்கு."

"அந்த மழையைத்தான் கேக்குறேன். அப்படியே இந்தப் பக்கம் திருப்பிவிடுங்க."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மழை நின்றது. வண்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓட்டுநர் வாளியைத் தூக்கிக்கொண்டு நீலத் தொட்டிக்கு ஓடினார். இயக்குநர் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை தொட்டியைத் தொடக்கூடாது என்று அதிகாரி குறுக்கே கை நீட்டினார். என் மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். கை கழுவுவதற்கென்றே பிறந்த குழாய் அல்லவா? நூல் பிடித்தாற்போல ஒழுகியது.

"இதுல ஒரு தலையணையைக்கூட நனைக்க முடியாதுங்க," என்றாள் என்னிடம், அழுகையை அடக்கிக்கொண்டு.

முதல் வாளி நிறைவதற்குள் கடையின் கூரை இறங்கிவிட்டது. நாங்கள் தைத்ததில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இயக்குநர் அதன்மேல் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்.

சிறந்த மழைநீர்ச் சேமிப்புக்கான விருது அந்த நிலையத்துக்கே கிடைத்தது. அதிகாரிக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. தகுதியானவர், அன்று ஒரு சொட்டு நீரைக்கூட அவர் தீயில் வீணாக்கவில்லை. நிலைய வாசலில் அந்தப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். குடைக்குக் கீழே இயக்குநர் புன்னகையுடன் வானத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அங்கே கன்னங்கரேலென்று ஒரு மேகம். 'நிலையத்தை நோக்கித் திரண்டு வரும் மழை மேகம்' என்று அடியில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மேகத்துக்குப் போன மாதம் வரை வாடகை கட்டியவன் நான்.