பதினோரு பள்ளிகளுக்கு ஒரே வயிறு

புதூர்ப் பக்கத்துப் பள்ளிகள் பதினொன்றும் ஒரே ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு, ஒரே பகலில், சீரண மண்டலம் முழுவதையும் கற்பித்து முடித்தன. பூலோகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததில்லை.

வயிறு, தலைமையாசிரியர் பரமசிவன் கைவண்ணம். பலகைமேல் வெந்நீர்ப் பை இரைப்பை. பழைய சைக்கிள் ட்யூப் குடல். பதினோரு பள்ளி ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டி, "பகிர்வே கல்வி!" என்று அவர் முழங்க, தீர்மானம் நிறைவேறியது. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் ஜீப் எந்தப் பள்ளிக்குப் போனாலும், வயிறு பத்து நிமிஷம் முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

சுகுணா டீச்சர் மட்டும் நம்பவில்லை.

"ஒண்ண வச்சு பதினோரு பள்ளிக்கூடமா? நடக்காது சார். நான் இலவச அறிவியல் பெட்டி கேட்டு மனுப் போட்டிருக்கேன். இல்லன்னு சொன்னாத்தான தருவாவ? எம் பிள்ளையள் தொட்டுப் படிக்கணும்."

"இல்லன்னு சொல்லுறது வட்டாரத்துக்கே அவமானம்லா டீச்சர்!" என்றார் பரமசிவன்.

ஆய்வு நாளன்று செண்பகராஜ் வாத்தியார் மொபெட்டை ஓட்ட, பின்னால் பரமசிவன் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி பருத்திக்காட்டு வண்டிப்பாதையில் பறந்தார். போன இடத்திலெல்லாம் ‘எமது பள்ளித் தயாரிப்பு’ என்று அந்தந்தப் பள்ளியின் பெயரோடு, பழைய சீட்டின்மேல் ஒரு சீட்டு ஒட்டினார்கள். பதினோராவதாகச் சுகுணாவின் பள்ளிக்கு வந்தபோது சீட்டுகளாலேயே பலகையின் கனம் கூடியிருந்தது.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"ஏலே, தொடாதிய! அதிகாரி பாக்குற சாமான்!" என்று பரமசிவன் விரட்டினார்.

அதிகாரி வந்தார். பார்த்தார். மெய்சிலிர்த்தார்.

"எல்லாப் பள்ளியிலயும் ஒரே அளவு, ஒரே நிறம். குடல்ல பஞ்சர் ஒட்டுகூட ஒரே இடத்துல! இதுல்லா ஒருங்கிணைப்பு!"

"சார், இது எங்களுது இல்ல" என்றார் சுகுணா.

"இந்தத் தன்னடக்கம்தாம்மா ஆசிரியருக்கு அழகு."

அதோடு சுகுணாவின் மனுவை எடுத்து, ‘போதிய கருவிகள் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இந்தப் பக்கத்துக்கென்று வந்திருந்த பதினோரு பெட்டிகளும் ‘தேவையுள்ள’ வேறொரு வட்டாரத்துக்கு அனுப்பப்படும் என்று அறிவித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பரமசிவன் வயிற்றை மறுபடி மொபெட்டில் ஏற்றினார். பிள்ளைகள் வாசல்வரை வந்து பார்த்து நின்றார்கள்.

"இப்பமாவது ஒத்துக்கிடுதீங்களா டீச்சர்?"

"ஒத்துக்கிடுதேன் சார். நீங்க சொன்ன மாதிரியே நடந்துட்டு. பதினோரு பள்ளிக்கூடத்துக்கும் பங்கு வந்துட்டு. பிள்ளையளுக்குத்தான் வரல."