ஒரு அடிக்கு மூணு தட்டு

அருப்புக்கோட்டையில ஆரம்பிச்சு திருச்சுழி, நரிக்குடின்னு சல்லடை போட்டுத் தேடினாலும், நடக்கும்போது மூணு மூணா எண்ணுற மனுசன் ஒருத்தர்தான் கிடைப்பாரு. டீக்கடைக்குப் போனாலும் ஒண்ணு ரெண்டு மூணு. பஸ்ஸுக்கு ஓடினாலும் ஒண்ணு ரெண்டு மூணு. அதனாலேயே அவரு விட்ட பஸ்ஸு ஏராளம்.

ரேஷன் கார்டுல அவருக்கு நல்ல பேரு ஒண்ணு இருக்கு. எங்க பேண்டு செட்டுல அவரு பேரு மூணுதட்டு. நான் அதுல டிரம்பெட்டு. விசேசம் இல்லாத நாள்ல திருச்சுழியில ஜெராக்ஸ் கடை.

வெல்டிங் வேலைக்கு ஸ்லோவேனியா போய் ஆறு வருசம் இருந்துட்டு வந்தவரு மூணுதட்டு. அது எங்க இருக்குன்னு கேட்டதுக்கு, இத்தாலிக்குப் பக்கத்துலன்னாரு. இத்தாலி எங்க இருக்குன்னு நாங்க கேக்கல, மரியாதை போயிரும்ல. அங்க அவரு ரூமுக்கு எதுத்தாப்புல ஒரு தீயணைப்புக் கூடம். தீ அணைக்கிறவுக ஊர்க்காரவுகதானாம். தீ பிடிக்காத நாள்ல கூடி உக்காந்து அவுக ஊருப் பாட்டுகளை வாசிப்பாகளாம். குளிர் தாங்காம, உள்ளே ஹீட்டர் இருக்குன்னு நம்மாளு போய் மூலையில உக்காந்திருக்காரு. சும்மா உக்காந்திருக்கானேன்னு ஒரு அக்கார்டியனைத் தூக்கி மடியில வச்சிட்டாக. இப்பிடித்தான் ஆரம்பிச்சது.

அந்தப் பொட்டியோடதான் ஊருக்கு வந்தாரு. ஆர்மோனியத்தை நெஞ்சோட கட்டிக்கிட்டா எப்பிடி இருக்கும், அப்பிடி ஒரு சாமான். கட்டைக்குப் பதிலா வரிசையாப் பொத்தான். ஒரே பொத்தானை அமுக்கிக்கிட்டு, பொட்டியை இழுத்தா ஒரு சுரம், சுருக்குனா வேற சுரம்.

“வரும்போது ஒரு பேச்சு, போகும்போது ஒரு பேச்சு. பங்காளி மாதிரிதான் தம்பி. பழகிட்டா ஒண்ணும் செய்யாது”ம்பாரு.

கூடவே அந்த ஊருக் கம்பளித் தொப்பி ஒண்ணு. அதுல சொருகியிருந்த இறகு எங்கேயோ விழுந்துபோச்சுன்னு, நம்ம ஊரு மயிலிறகைச் சொருகி வச்சிருந்தாரு. சித்திரை வெயில்ல கருவேல மரமே வாடிக் கிடக்கும், இவரு கம்பளித் தொப்பியோட வருவாரு. கேட்டா, “தொப்பி இல்லாம கை ஓட மாட்டேங்குதுப்பா.”

வந்த சூட்டோட எங்க செட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. முதல்ல போல்கா. அந்த ஊரு ஆட்டப் பாட்டு, ரெண்டு தட்டு. ஒரே சாயங்காலத்துல மடக்கிட்டோம். எங்க பெரிய டிரம்மு அடிக்கிறவன் பந்தல்குடிக்காரன், அவனைப் பந்தல்குடின்னுதான் கூப்பிடுவோம். அவன் சிரிச்சுட்டான். “அண்ணே, இது நம்ம மாப்ளை அழைப்பு அடிதான? இதுக்கா பிளேன் ஏறிப் போனீக?”

ஒரு வருசத்துக்கு மேல அதை வச்சே ஓட்டினோம், அப்புறம் வால்ஸுன்னு இன்னொரு ஆட்டப் பாட்டை எடுத்தாரு. அங்க பிடிச்சது சனி.

வால்ஸுக்கு மூணு தட்டு. முதல் தட்டு கனமா, மத்த ரெண்டும் லேசா. கடைசி வரைக்கும் ஒரே வேகம். அதுவும் நாற்காலியில உக்காந்துதான் வாசிக்கணும்னுட்டாரு. அவரு வீட்டுப் பருத்திக் கொட்டாய்ல ஆறு பிளாஸ்டிக் சேரைப் போட்டு எங்களை உக்கார வச்சாரு. நாங்க பொறந்ததுல இருந்து நடந்துகிட்டே வாசிக்கிற கூட்டம். உக்காந்ததும் எனக்கு மூச்சு வயித்துலயே நின்னுபோச்சு. பந்தல்குடிக்குக் கையே எந்திரிக்கல.

“காலு நடந்தாத்தான்ணே கையி அடிக்கும். முன்னாடி போறவுக காலைப் பாத்துத்தான் எனக்கு அடியே வரும்.”

அது நெசம். ஊர்வலத்துல யாரு முன்னால போறாகளோ, அவுக காலுதான் பந்தல்குடிக்குக் கணக்கு. அவுக துள்ளினா டிரம்மும் துள்ளும். வேகம் ஏத்தலேன்னா செட்டு சுணங்குதுன்னு விசேச வீட்ல மூஞ்சியத் தூக்குவாக. ஒரே வேகத்துல ஒரு பாட்டை முடிச்சதா எங்க செட்டு சரித்திரத்துலயே கிடையாது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. “ஏண்ணே இந்தப் பாடு? போல்கா போதாதா? ஊரு ஆடிட்டுப் போகட்டும்.”

மூணுதட்டு தொப்பியைக் கழட்டினாரு. அவரு தொப்பியைக் கழட்டி நான் பாத்தது அன்னிக்குத்தான்.

“செல்வி கல்யாணத்துக்குத் தம்பி.”

செல்வி அவரு மக, ஒரே பிள்ளை. இவரு வெளிநாட்டுல இருந்தப்பதான் அதுக்குச் சடங்கு நடந்துச்சு. பத்தாவது, பன்னெண்டாவது எல்லாம் முடிஞ்சுச்சு. எதுக்கும் இவரு இல்ல. சடங்குக்கு வராத கோவத்துலயே பிள்ளை போன்ல பேசுறதை நிறுத்திருச்சு. ஒரு வியாழக்கிழமை இவரு அந்தத் தீயணைப்புக் கூடத்துல இருந்து போன் பண்ணும்போது பின்னாடி வால்ஸு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. “நீங்க பேச வேணாம். அந்தப் பாட்டை மட்டும் வைங்க”ன்னு சொல்லிருக்கு. அன்னிலேர்ந்து வாராவாரம் வியாழக்கிழமை போனைப் பொட்டிப் பக்கத்துல வச்சிட்டு வாசிப்பாராம். பாட்டு முடிஞ்சா அந்தப் பக்கம் போனை வச்சிரும். அவ்வளவுதான் பேச்சு.

“ஊருக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் என்னைய வாங்க, சாப்புடுங்கன்னு விருந்தாளிக்குச் சொல்ற மாதிரியே சொல்லுதுப்பா. எனக்குப் பேசத் தெரியல. அந்தப் பாட்டு ஒண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பாசை. அதை அது மேடைக்கு வரும்போது ஒருவாட்டி ஒழுங்கா வாசிச்சுப்புடணும்.”

இதைக் கேட்ட பின்னாடி எவன் மாட்டேம்பான்? ஆறு பேரும் சேர்ல உக்காந்து செத்தோம்.

ஓரளவு வந்துச்சு. வந்த உடனே இவருக்கு அவசரம். நரிக்குடிப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுபோற ஊர்வலம். பழத்தட்டு, தேங்காத்தட்டு ஏந்திக்கிட்டு முப்பது பொம்பளைக, மாலை போட்ட கிடாய் ஒண்ணு. ஊர் எல்லையில இருந்து கோயில் வரைக்கும் போல்கா. கோயிலை நெருங்கும்போது, “வால்ஸ எடுங்கப்பா, வெள்ளோட்டம் பாப்போம்”னாரு.

எடுத்தோம். மூணு தட்டுக்கு ரெண்டு கால் எப்பிடி நடக்கும்? கனத்த தட்டு ஒருவாட்டி இடது கால்ல விழுது, மறுவாட்டி வலது கால்ல விழுது. என் காலை நானே மிதிச்சேன். முப்பது பொம்பளைகளும் சேந்தாப்புல தடுமாறி, ரெண்டு தட்டு மாம்பழம் தெருவுல உருண்டுச்சு. கிடாய் மட்டும் ஒழுங்கா நடந்துச்சு, நாலு கால் இருக்கிற தெம்பு.

அதோட விட்டாலும் பரவால்ல. முன்னாடி போன பெரிய அத்தை ஒருத்தருக்கு அந்த மூணு தட்டுல உடம்பு லேசா ஆடுச்சு. பந்தல்குடி அவுக காலைப் பாத்தான். அவுக ஆட இவன் வேகத்தைக் கூட்ட, இவன் கூட்ட அவுக ஆட, “டேய்ய்ய்!”னு ஒரு சத்தம். அத்தைக்குச் சாமி வந்துருச்சு. ஸ்லோவேனியாப் பாட்டுக்கு!

ஊரே கையெடுத்துக் கும்பிடுது. மூணுதட்டு பொட்டியோட ஓடிப்போய் சாமி முன்னாடி நின்னாரு. “ஆத்தா, தாயே, கொஞ்சம் மெதுவா ஆடுங்க. இது வால்ஸு!”

“எவன்டா இவன் தொப்பி போட்டவன்? நிறுத்தாதடா! இன்னும் வேகமா!”ன்னுச்சு சாமி. கை நிறைய துன்னூறை அள்ளி அந்தத் தொப்பியிலயே போட்டுச்சு. சாமியே சொன்ன பிறகு பந்தல்குடி யாரு பேச்சைக் கேப்பான்? அடிச்ச அடியில டிரம்மு கிழியாம இருந்தது சாமி புண்ணியம். அப்புறம் அந்த ஊர்க்காரவுக எங்களைத் தனியாக் கூப்பிட்டு, அடுத்த கோயில் கொடைக்கும் அந்தச் சாமி பாட்டோட வரணும்னு கேட்டாக.

மூணுதட்டு ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரல. மூணாம் நாள் புதுத் திட்டத்தோட வந்தாரு. கல்யாண மண்டபத்துல மேடைக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறோம். பந்தல்குடி மட்டும் சுவத்தைப் பாத்து உக்காரணும். யாரு காலும் கண்ணுல படக்கூடாது.

“என்னண்ணே, பரீட்சையில காப்பியடிச்சவனை உக்கார வைக்கிற மாதிரி”ன்னு அவன் முனங்கினான். ஆனா உக்காந்தான்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில திருச்சுழி மண்டபம். மேளக்காரவுககிட்டக் கெஞ்சி அஞ்சு நிமிசம் கேட்டு வாங்கியிருந்தாரு. “பொண்ணை அழைச்சிட்டு வாங்க”ன்னு சத்தம் கேட்டுச்சு. மூணுதட்டு தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டாரு. பொத்தானை அமுக்குறாரு, பாட்டுக்கு முன்னாடி அவரு மூச்சுதான் கேக்குது. எப்பிடியோ ஆரம்பிச்சோம். நாலு வரி தாண்டியிருக்கோம், பொண்ணு வருதுன்னு கூட்டம் எந்திரிச்சுச்சு. பந்தல்குடி திரும்பிட்டான். அவன் பழக்கம், அவனால முடியல. செல்வி காலைப் பாத்துட்டான்.

போச்சுடா, தொலைஞ்சோம்னு நினைச்சேன்.

ஆனா டிரம்மு ஓடல. அப்பிடியே நிதானமா நின்னு அடிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, டிரம்பெட்டு மேல கண்ணை விட்டுப் பாத்தேன். செல்வி நடந்து வருது. கனத்த தட்டுக்கு ஒரு அடி. லேசான ரெண்டு தட்டுக்கும் காலு காத்திருக்குது. திரும்பக் கனத்த தட்டு, அடுத்த அடி. ஒரு அடிக்கு மூணு தட்டு. இத்தனை மாசமா ஆறு ஆம்பளைக சேர்ல உக்காந்து முட்டிக்கிட்டும் எங்களுக்குத் தோணல. நரிக்குடியில ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி வச்சே செத்திருக்கோம்.

மேடைக்குப் பக்கத்துல வந்ததும் அது அப்பாவைப் பாத்துச்சு. மூணுதட்டு பொட்டியை விட்டுட்டாரு. தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு அழுறாரு. பாட்டு எங்க கையில நொண்டுது.

“நிறுத்தாதீகப்பா”ன்னுச்சு செல்வி. “உங்களுக்குத் தெரியாதுல்ல? நீங்க வைக்கிற இந்தப் பாட்டுக்கு மொட்டைமாடியில நடந்து நடந்துதான் நான் பத்தாவதே படிச்சேன். இப்ப நடுவுல விட்டா எப்பிடி ஏறுவேன்? வாசிப்பா.”

வாசிங்க இல்ல. வாசிப்பா. ரெண்டு வருசமா வீட்டுல விருந்தாளியா இருந்த மனுசன் மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் பொட்டியை இழுத்தாரு. எங்க செட்டு சரித்திரத்துல முத முதலா ஒரு பாட்டை எடுத்த வேகத்துலயே முடிச்சோம். பந்தல்குடி டிரம்மு மேல கவுந்துகிட்டு, கண்ணுல தூசின்னான்.

இப்பல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி என் ஜெராக்ஸ் கடைக்கு நடக்கும்போது, மூணு எண்ணினாத்தான் எனக்கு ஒரு அடி விழுது. கடை தொறக்க நேரமாகுதுன்னு ஆளுக திட்டுறாக. திட்டட்டும், எனக்கு மூணுதட்டோட சேந்து நடக்கிற மாதிரி இருக்கு.