லெஃப்டுக்கு வைத்த வலது கன்னம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் லெஃப்டைப் போலத் தன் முகத்தை நேசித்த மனிதர் வேறு யாரும் கிடையாது. முகத்தை என்று சொல்வதுகூடத் தப்பு. பாதி முகத்தை.

எங்கள் பைப் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஏதோ ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர் ஒருவர், "உங்க லெஃப்ட் சைடு சூப்பரா கீது" என்று சொல்லித் தொலைத்துவிட்டாராம். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பெயரே லெஃப்ட். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் கம்பெனி வேனில் வலது ஜன்னலோரம்தான் உட்காருவார். அப்போதுதானே இடது கன்னம் எல்லோருக்கும் தெரியும்! ஆயுத பூஜை குரூப் போட்டோவில் நாங்கள் கேமராவைப் பார்ப்போம், அவர் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நிற்பார். புதிதாக வந்த மேனேஜர், அங்கே என்னவோ ஏதோ என்று தானும் எட்டிப் பார்த்தார்.

வேனை விட்டுப் பைக்கில் வரும் நாட்களில், ஹெல்மெட் போட்டால் கன்னம் மறையும் என்று அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவார். ஒரு நாள் காலை எளாவூர் செக்போஸ்ட் அருகே, பைக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டே போய், நின்றிருந்த லாரியின் பின்கதவில் மோதினார். வேறெங்கும் அடியில்லை. நேராக இடது கன்னம்.

சென்னை ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது கன்ன எலும்போடு கண்ணுக்கு அடியிலிருக்கும் மெல்லிய எலும்பும் உடைந்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது அவருக்கு.

"உன் ஒருத்தனையே தாங்க முடியாது சார். இப்ப ரெண்டு பேரா வந்துகிற. பேஜாரு!" என்றார்.

டாக்டரம்மா எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஸ்கேனில் எடுத்த அவருடைய மண்டையோடு திரையில் முழு உருவமாகச் சுழன்றது. இடது கன்னம் மிதிபட்ட முட்டை ஓடு போலிருந்தது.

"உடையாத வலது பக்கத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி, இடது பக்கத்து மேல வெச்சுப் பார்ப்போம். எந்த எலும்பு எங்க இருக்கணும்னு அது காட்டும். அதுபடிதான் ஆபரேஷன்" என்றார்.

லெஃப்ட் எழுந்தே விட்டார். "வேணாம் டாக்டரம்மா! லெஃப்ட் சைடு எங்கப்பாரு மாறி. ரைட் சைடு எங்க மாமன் மாறி. ஆயுசுக்கும் ரெண்டு பக்கமும் மாமன் மூஞ்ச வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"தள்ளிப்போட்டா கண்ணு உள்ள இறங்கிடலாம். எல்லாம் ரெண்டாவே தெரியும். வண்டி ஓட்ட முடியாது."

அவர் அசையவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி மேரி குறுக்கே புகுந்தார்.

"யோவ், பொண்ணு பாக்க வந்தப்ப ஜன்னலாண்ட உக்காந்தியே, உள்ளேர்ந்து எனக்கு எந்தப் பக்கம் தெரிஞ்சிது சொல்லு? ரைட்டுதான். அத்தப் பாத்துதான் சரின்னு சொன்னேன்."

லெஃப்ட் மெதுவாக உட்கார்ந்தார். "பண்ணிடுங்க டாக்டரம்மா" என்றார்.

அப்படிச் சரிசெய்த கம்ப்யூட்டர் படத்தை வைத்தே அவர் மண்டையோட்டைப் பிளாஸ்டிக்கில் அச்சு எடுத்தார்கள். அதன் மேல் வைத்து முன்கூட்டியே வளைத்த தகடுகளைத்தான் உள்ளே பொருத்தினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "என் மண்ட என் கையிலயே கீது சார்" என்று வார்டு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

வீக்கம் வடிந்து, மெல்ல மெல்ல உலகம் ஒன்றானது. மறு ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். திரும்பவும் ஃபோர்க்லிஃப்டில் ஏறினார் லெஃப்ட். ஹெல்மெட்டோடு பைக்கில் வந்தார். கேட்டால், "ரெண்டு சைடும் இப்ப மேரிக்குப் புட்ச்சது. பத்ரமா வெச்சிக்க வாணாவா?" என்றார்.

போன வருஷம் நல்ல வேலை கிடைத்து ஓரகடம் பக்கம் போய்விட்டார். இங்கே இருந்தவரை கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். இப்போதும் யாராவது தட்டோடு வந்து, "இங்க ஆள் வருதா சார்?" என்று கேட்டால், என்னை அறியாமல், "வருவாரு" என்று சொல்லிவிடுகிறேன்.