ஒரு பக்கம் புடிக்கல

பெண் பார்த்துவிட்டு வந்தவன் பதில் சொல்லும் வரை சும்மா இருக்க வேண்டும். மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தால் அவனுக்கு ஒரு கெடுதலும் வராது. நான் கத்திக்குப் பிடி போடப் போனேன்.

சிதம்பரத்தில் வெண்ணிலாவைப் பார்த்ததுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான் என் தொடையைக் கிள்ளி, பெண்ணின் தாய்மாமனிடம் "போன்ல சொல்றோம்" என்று சொல்லி, எழுப்பிக் கூட்டி வந்துவிட்டாள். (உடனே சொன்னா அலையறான்னு நெனப்பாங்களாம்.) மறுநாள், இந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டுமென்று வேண்டிக்கொள்ள அம்மா திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டாள். கடலூர் வீட்டில் நானும் அவளுடைய மீன் கத்தியும் மட்டும்.

பிடியின் கடைசி வரைக்கும் ஒரே இரும்பாக ஓடும் கத்தி அது. இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, பசை தடவி, ஆணி இறக்க வேண்டும். பழைய மரம் பிளந்துவிட்டது. யூடியூபில் ஒருவர் சிரித்துக்கொண்டே மாட்டுகிறார். (அந்தச் சிரிப்பை நம்பியவன் உருப்பட மாட்டான்.) ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பன் குமார், பசையும் ஏதோ மேசைக் காலில் அறுத்த மரத்துண்டுகளும் கொடுத்து, "ஒட்டிகினு இரு மாப்ள, போன் பண்றேன்" என்றிருந்தான்.

வலது பக்கம் ஒட்டியது. இடது பக்கம் ஒட்டுவேனா என்றது. இரும்பில் இருந்த ஓட்டையும் மரத்தில் நான் போட்ட ஓட்டையும் ஜென்மப் பகையாளிகள். அழுத்திப் பிடிக்கத் துணி கிளிப் போட்டால், கிளிப் ஒட்டிக்கொள்கிறது, மரம் வழுக்குகிறது. பத்து விரலிலும் பசை. எரிச்சலில் கத்தியைக் கடலில் வீசலாமா என்றிருந்தபோது போன் அடித்தது. மூக்கால் தேய்த்து எடுத்து, மூக்காலேயே ஸ்பீக்கரையும் தட்டினேன்.

"என்ன மாப்ள, புடிச்சிருக்கா?"

"எங்க புடிச்சிது! ஒரு பக்கம் புடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் சுத்தமா புடிக்கல."

நான் கிளிப்பை இன்னொரு முறை அழுத்தினேன்.

"அப்டி என்ன கொறை?"

"நடுவுல வளைஞ்சிருக்கு. பழசு வேற. மேல பாலீஷ் போட்டு மறைச்சி வச்சிருக்கு."

"இப்ப என்ன செய்யலாம்ன்றீங்க?"

(குமார் எனக்கு எப்போது மரியாதை கொடுத்தான்? அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?)

"என்னத்த செய்யிறது? உங்கிட்ட வேற நல்லதா இருந்தா காட்டு."

"எங்க வூட்ல கல்யாண வயசுல வேற பொண்ணு இல்ல தம்பி."

போன் வைக்கப்பட்டது. குமாருக்கு ஏது பெண்? அவனுக்கே கல்யாணம் ஆகவில்லை. நம்பரைப் பார்த்த பிறகுதான் பேசியது வெண்ணிலாவின் தாய்மாமன் என்று புரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சாட்சியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பெண் வீட்டுக்குப் பழமும் பூவும் கொண்டு போவார்கள். நான் பேப்பரைப் பிரித்ததும் தாய்மாமன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மாமா, நான் சொன்னது இதைத்தான்!"

வெண்ணிலாவின் அப்பா நம்பாமல் என்னையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து வெண்ணிலா வந்து கத்தியைக் கையில் எடுத்தாள். இடது பக்க மரம் கிளிப்போடு கழன்று தரையில் விழுந்தது.

"அப்பா, அவுங்க பொய் சொல்லல. ஒரு பக்கம் நெஜமாவே புடிக்கல" என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. போன மாதம் வெண்ணிலாவின் தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் கேட்கப் போன் போட்ட அதே தாய்மாமன், எடுத்த எடுப்பில் அந்தப் பையனிடம் கேட்டார்:

"தம்பி, இப்ப கையில என்ன வச்சிருக்கீங்க?"

"காபிங்க."

"அத்த கீழ வச்சிட்டுச் சொல்லுங்க. பொண்ணு புடிச்சிருக்கா?"