பம்ப்செட்டு வாங்கிய பைனாகுலர்

மரக்காணத்தில் கடலைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றும், அந்த ஒருவர் தான்தான் என்றும் பம்ப்செட்டு உறுதியாக நம்பினார். மற்றவர்கள் எல்லாம் சும்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்கள்.

அவருக்கும் ஒரு நல்ல பெயர் இருந்திருக்க வேண்டும். உப்பளப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஓட்டியதால் எங்களுக்கு அவர் பம்ப்செட்டு. நான் அங்கே சூப்பர்வைசர். சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. உப்பு வாரும் பெண்கள் பாத்தியில் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேலைக்குப் போவலன்னா பட்டினி, போனா அலை. எது சீக்கிரம் சாவடிக்கும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றாள் அஞ்சலை. அவள் சொன்னால்தான் மற்ற பெண்கள் அசைவார்கள். "யாராவது கடலையே பாத்துட்டு நின்னாதான் வருவோம்."

பம்ப்செட்டு மார்பைத் தட்டிக்கொண்டு முன்வந்தார். கூடவே ஒரு நிபந்தனை: பைனாகுலர் வேண்டும்.

பஜாரில், துபாயிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அவரிடம் இரண்டு இருந்தன. சின்னது மலிவு. பெரியது அதைப்போலப் பத்து மடங்கு விலை.

"மாஷா அல்லா, இதுல பாத்தா பருந்து கண்ணு சிமிட்றதுகூடத் தெரியும்" என்றார் பாய்.

பம்ப்செட்டு கடை வாசலிலேயே இரண்டுக்கும் மணிக்கணக்கில் பரீட்சை வைத்தார். வியாபாரத்துக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"சின்னதுல பஸ் வர்றது தெரியுது. பெரிசுல எந்த ஊருக்குப் போவுதுன்னு போர்டே தெரியுது சார்!"

"பஸ் எந்த ஊருக்குப் போனா உனக்கென்னய்யா? சுனாமி என்ன போர்டு மாட்டிக்கிட்டா வருது?"

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சின்னதை வாங்கினேன்.

பெண்கள் வேலைக்கு வந்தார்கள். போன வருஷத்து உப்புக் குவியலின் உச்சியில், கப்பல் கேப்டன் தோரணையில் பம்ப்செட்டு. பீடி பற்றவைக்கும்போதுகூடப் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். மீசை இரண்டு தடவை பொசுங்கியது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். "அலை! வெள்ளையா எழும்புது! ஓடுங்க!" என்று உச்சியிலிருந்து ஒரு கத்தல்.

மண்வெட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எல்லோரும் டிராக்டரில் தொற்றிக்கொண்டோம். பெருமுக்கல் மலை வந்த பிறகுதான் டிரைவர் பிரேக்கைத் தொட்டார். மேலே ஏறி, மூச்சு வாங்க சாமி கும்பிட்டு முடித்ததும் அஞ்சலை கேட்டாள்.

"ஏம்பா, பம்ப்செட்டு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. மதியம் வரை அலை வந்ததாகச் சேதியும் இல்லை. திகிலோடு திரும்பிப் போனோம். அதே குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பூநாரைங்க சார்" என்றார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நூத்துக்கணக்குல ஒரே வரிசையா எழும்பிச்சு. தலைக்கு மேல பறக்கும்போதுதான் தெரிஞ்சுது. பெரிசா இருந்தா அப்பவே மூக்கு தெரிஞ்சிருக்கும்."

"அலைன்னுதானே நெனச்சே? அப்ப நீ ஏன் ஓடி வரல?"

"அஞ்சலை வரப்புல வழுக்கி விழுந்துச்சு. எழுந்து ஏறிட்டுதான்னு பாத்துட்டு நின்னேன். அதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு." பைனாகுலரைத் தூக்கிக் காட்டி, "நீங்கதான் சார் மொதல்ல ஏறினீங்க" என்றார்.

நாரையையும் அலையையும் பிரித்துக் காட்டத் தெரியாத அந்தச் சனியன் பிடித்த பைனாகுலர் இதை மட்டும் துல்லியமாகக் காட்டியிருக்கிறது!

இனி ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். அஞ்சலை முழங்கால் காயத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு வர்றோம். அந்தப் பெரிசையே வாங்கிக் குடுங்க சார். ஆளு நல்ல ஆளு, சாமான்தான் மோசம்."

மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். பத்து மடங்கு விலை தகுமா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அது என் கழுத்தில் தொங்கியிருந்தாலும் நான்தான் முதலில் வண்டி ஏறியிருப்பேன். அவர் வெறுங்கண்ணோடு நின்றிருந்தாலும் அஞ்சலை ஏறும்வரை அங்கேயேதான் நின்றிருப்பார். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.